ராத்தல் ஐந்து காசு: பெருமந்தம் ஜொகூரில் எழுதிய கணக்கு

1932 ஜூன் மாதம் சிங்கப்பூர்ச் சந்தையில் ஒரு ராத்தல் ரப்பர் 4.95 காசுக்கு விலைபோனது. 1929-ஆம் ஆண்டின் சராசரி விலை 34 காசு. மூன்று வருடத்துக்குள் ஏழில் ஒரு பங்காகிவிட்டது. கூலாய், லாயாங் லாயாங், ரெங்கம், குளுவாங், லாபிஸ், சிகாமட் என்று ரயில் பாதையை ஒட்டி வளர்ந்த ஜொகூர்த் தோட்டங்கள் இந்த ஒரு விலையை நம்பித்தான் இருந்தன. தோட்ட எழுத்தரான கிராணி செக்ரோல் என்ற ஆள்பதிவேட்டில் யார் யார் பெயரை எழுதுவார், கடைக்காரர் யாருக்குக் கடன் தருவார், ஊருக்கு இந்த மாதம் பணம் போகுமா என்பதெல்லாம் அந்த விலையிலிருந்தே பிறந்தன.

விலையைத் தீர்மானித்தவர்கள் ஜொகூரில் இல்லை. லண்டனில்கூட முழுதாக இல்லை. 1920களில் உலகில் விளைந்த ரப்பரில் பாதிக்கு மேல் அமெரிக்கா ஒரே நாடாக வாங்கிக்கொண்டிருந்தது. ஒஹாயோ மாநிலத்தின் ஏக்ரன் நகரத்து டயர் ஆலைகள் அதைத் தின்றன. டெட்ராய்டின் கார் ஆலைகள் அந்த டயர்களைத் தின்றன. 1929-இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 5.3 மில்லியன் மோட்டார் வாகனங்கள் உற்பத்தியாயின. 1932-இல் 1.3 மில்லியன். காணாமற்போன 4 மில்லியன் வாகனங்களுக்கு, மாற்றுச் சக்கரத்தையும் சேர்த்து ஐந்து டயர் என்று வைத்தால், 20 மில்லியன் டயர். அந்த 20 மில்லியன் டயருக்கான பால் மரத்திலேயே நின்றுவிட்டிருந்தால் ஒருவேளை விலை இவ்வளவு விழுந்திருக்காது. நிற்கவில்லை. வெட்டிக்கொண்டே இருந்தார்கள்.

அமெரிக்கப் பக்கத்துக் கணக்கையும் சுருக்கமாகப் போட்டுவிடலாம். நியூயார்க் பங்குச் சந்தையின் டவ் ஜோன்ஸ் குறியீடு 1929 செப்டம்பர் 3-ஆம் தேதி 381. 1932 ஜூலை 8-ஆம் தேதி 41. நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பு 100 பில்லியன் டாலருக்கு மேலிருந்து 1933-இல் 56 பில்லியன் அளவுக்கு இறங்கியது. சுமார் 9,000 வங்கிகள் மூடின. உழைப்பாளர் படையில் நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. இவை எல்லாப் பாடநூலிலும் உள்ள எண்கள். ஜொகூர்க் கணக்கு அப்படிப் பாடநூலில் ஏறவில்லை. ஏற வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சிங்கப்பூர்ச் சந்தையில் ரப்பரின் ஆண்டுச் சராசரி விலை, ராத்தலுக்கு, கிட்டத்தட்ட இப்படி நகர்ந்தது:

1929 – 34 காசு
1930 – 19 காசு
1931 – 10 காசு
1932 – 7 காசு
1933 – 10 காசு
1934 – 20 காசு
1936 – 27 காசு
1937 – 32 காசு

எட்டு வருடத்தில் விலை பள்ளத்தில் விழுந்து, ஏறக்குறைய பழைய இடத்துக்கு ஏறிவிட்டது. பொருளாதார வரலாறு எழுதுபவர்கள் இதை மீட்சி என்பார்கள். யாருடைய மீட்சி என்று கேட்டால் அடுத்த பத்தியைப் பார்க்க வேண்டும்.

அடுத்த பத்தி கூலி. தென்னிந்தியத் தொழிலாளிக்குக் கொடுக்கவேண்டிய நிர்ணயக் கூலி 1920களின் கடைசியில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. சட்டப்படி இந்த விகிதம் கூட்டாட்சி மாநிலங்களின் சில மாவட்டங்களுக்கு உரியது. ஆனாலும் ஜொகூர்த் தோட்டங்கள் அதையொட்டியே கூலி போட்டன. 1930 அக்டோபரில் அது 40 காசும் 32 காசுமாகக் குறைக்கப்பட்டது. மந்தம் முற்றிய காலத்தில் ஆணுக்கு 28 காசு, பெண்ணுக்கு 24 காசு வரை இறங்கிய இடங்கள் உண்டு.

மாதம் 24 நாள் வேலை என்று வைத்து, கணவனும் மனைவியும் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, நிற்கும் ஒரு குடும்பத்துக்குக் கணக்குப் போடுவோம். 1929-இல் அந்த வீட்டு வருமானம் 21 வெள்ளி 60 காசு. 1930 கடைசியில் 17 வெள்ளி 28 காசு. மோசமான காலத்தில் 12 வெள்ளி 48 காசு. குறைந்த தொகை 9 வெள்ளி 12 காசு, அதாவது 42 விழுக்காடு.

ரப்பர் விலை 85 விழுக்காடு சரிந்தபோது கூலி 42 விழுக்காடுதானே குறைந்தது என்று தோட்ட நிர்வாகங்கள் அன்று வாதாடின. அந்த வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. தொழிலாளி ஒருவர் நாளைக்குப் பத்து ராத்தல் உலர்ந்த ரப்பருக்கான பால் எடுக்கிறார் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 1929 விலைக்கு அது 3 வெள்ளி 40 காசு. கூலி 50 காசு. விற்ற விலையில் 15 விழுக்காடு. 1932 ஜூனில் அதே பத்து ராத்தல் 49.5 காசு, கூலி 28 காசு, விற்ற விலையில் 57 விழுக்காடு. கங்காணிக்கும் கிராணிக்கும் சம்பளம், ஸ்டோர்ச் செலவு, புகைபோடும் விறகு, ரயில் கட்டணம், கப்பல் கட்டணம் எல்லாம் போனால் தோட்டத்துக்குக் கைநஷ்டம்தான். தோட்டங்கள் மூடப்பட்டன, கம்பெனிகள் பங்காதாயம் தரவில்லை, வெள்ளைக்கார சின்னத் துரைகளே வேலையிழந்து கப்பல் ஏறினார்கள். இதை மறைக்கத் தேவையில்லை. அரிசி விலையும் சரிந்திருந்ததால் 28 காசு வாங்கியவர் வயிறு 1929-இன் 28 காசை விடக் கொஞ்சம் கூடுதலாகவே நிறைந்திருக்கும். அதையும் சொல்லியாக வேண்டும்.

ஆனால் தலைக்கூலியை மட்டும் பார்த்தால் கணக்கின் பெரும் பகுதி கண்ணில் படாது. தலைகளையும் எண்ண வேண்டும்.

ஜொகூருக்கு வடக்கே இருந்த பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு கூட்டாட்சி மாநிலங்களிலும் 1929-இல் தோட்டத் தொழிலாளர்கள் இரண்டரை லட்சத்துக்கு மேல். 1932-இல் அவர்கள் சுமார் ஒன்றேகால் லட்சம். பாதிப்பேர் இல்லை. மீதிப் பாதிக்கும் பழைய கூலியில் 58 விழுக்காடுதான். இரண்டையும் பெருக்கினால் மொத்தக் கூலிச் செலவு பழையதில் 29 விழுக்காடாகிறது. அதாவது கூலிக்கென்று வெளியே போன ஒவ்வொரு 100 வெள்ளியிலும் 71 வெள்ளி நின்றுபோயிற்று. களையெடுப்பு நின்றது, புதுக் கன்று நடுவது நின்றது, வாய்க்கால் வெட்டு நின்றது. பால் வெட்டுகிறவருக்கு மட்டும் கூடுதல் மரங்கள் ஒதுக்கப்பட்டன. ரப்பர் உற்பத்தியோ பெரிதாகக் குறையவில்லை. விலை விழுந்த 85 விழுக்காட்டுக்கும் கூலிச் செலவு விழுந்த 71 விழுக்காட்டுக்கும் உள்ள தூரம், அன்றைய வாதத்தில் காட்டப்பட்ட அளவுக்குப் பெரியதல்ல.

இல்லாமற்போன அந்தப் பாதிப்பேர் எங்கே போனார்கள்? பெரும்பாலோர் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும்.

மலாயாவில் இந்தியக் குடியேற்ற நிதி என்று ஒன்று இருந்தது. 1907-இல் தொடங்கியது. தென்னிந்தியத் தொழிலாளர்களை வைத்திருந்த முதலாளிகள் அதில் பணம் கட்டவேண்டும். அந்தப் பணத்தில் தொழிலாளர்களுக்குக் கப்பல் கட்டணமும் முகாம் செலவும் கொடுத்து அழைத்துவருவார்கள். 1926-ஆம் ஒரே ஆண்டில் இந்தியாவிலிருந்து மலாயாவுக்கு வந்தவர்கள் 174,000 பேருக்கு மேல். 1930 ஆகஸ்ட்டில் உதவிபெற்ற குடியேற்றம் நிறுத்தப்பட்டது. 1932-இல் வந்தவர்கள் 18,000 பேருக்கும் குறைவு. ஆட்களை அழைத்துவரச் சேர்த்த அதே நிதியைக் கொண்டு ஆட்களைத் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். மந்தத்தின் முதல் மூன்று நான்கு ஆண்டுகளில் அப்படி அனுப்பப்பட்டவர்கள் ஏறத்தாழ 190,000 பேர்.

190,000 பேர் என்றால் எவ்வளவு? வங்காள விரிகுடாவில் ஓடிய ரஜுலா கப்பல், தளப்பயணிகளை நெருக்கி ஏற்றினால் 5,000 பேரைக் கொள்ளும். அந்தக் கப்பல் 38 முறை நிரம்பிப் போகவேண்டும். 1931 மக்கள்தொகைக் கணக்கில் மலாயாவில் இருந்த இந்தியர்கள் மொத்தம் 624,000 பேர். ஜொகூரில் சுமார் 51,000. பத்தாண்டுக்கு முன் இருந்த 24,000-ஐ விட இரு மடங்குக்கு மேல். திருப்பி அனுப்புதல் தொடங்கிச் சில மாதங்கள் கழித்து எடுத்த எண்ணிக்கை இது என்பதை மறக்கக்கூடாது. 1909-இல் கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை ரயில் வந்ததும், 1924-இல் ஜொகூர்ப் பாலம் முறைப்படி திறக்கப்பட்டதும் காட்டை வெட்டித் தோட்டமாக்கும் வேகத்தைக் கூட்டிய ஆண்டுகள் அவை. வந்து ஐந்தாறு வருடமே ஆன குடும்பங்கள் இங்கே ஏராளம். திருப்பி அனுப்பும்போது முதலில் கை வைக்கப்படுவது அப்படிப்பட்டவர்கள்மீதுதான்.

அவர்கள் இறங்கிய ஊரிலும் செழிப்பு இல்லை. சென்னை மாகாணத்தில் நெல் விலை ஏறக்குறைய பாதியாகச் சரிந்திருந்தது. திருச்சி, தஞ்சை, வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களின் கிராமங்களில் கூலி கொடுக்க ஆளில்லாத நேரத்தில் மலாயாவிலிருந்து வந்த பணமும் நின்று, பணம் அனுப்பிய ஆளும் வந்து நின்றார். இந்த இழப்பு எந்த அரசாங்கத்தின் ஆண்டறிக்கையிலும் ஒரு பத்தியாகக்கூட இடம்பெறக் காரணமில்லை. மலாயா அரசுக்கு அவர் போய்விட்டவர். சென்னை அரசுக்கு அவர் ஊருக்குத் திரும்பியவர். வேலையில்லாதவர் என்று இரண்டு ஏடுகளும் அவரை எழுதவில்லை.

சீனத் தொழிலாளர்களுக்கு வேறு வழி. 1928-இல் இயற்றப்பட்ட குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை 1930 ஆகஸ்ட் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்து, சீன ஆண் தொழிலாளர்கள் மாதம் 6,016 பேர்தான் வரலாம் என்றார்கள். பிறகு அது மாதம் 1,000 வரை குறைக்கப்பட்டது.

இதே வருடங்களில் அமெரிக்கா செய்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒற்றுமை முகத்தில் அறைகிறது. கலிபோர்னியாவிலிருந்தும் டெக்சாஸிலிருந்தும் லட்சக்கணக்கான மெக்சிகோ வம்சாவளியினர் ரயிலேற்றி எல்லைக்கு அப்பால் அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பலர் அமெரிக்க மண்ணில் பிறந்த குடிமக்கள். 1924-ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் ஏற்கெனவே ஆசியர்களுக்குக் கதவைச் சாத்தியிருந்தது. நெருக்கடி வந்தபோது உள்ளே இருந்தவர்களையும் வெளியே தள்ளுவது அதன் அடுத்த அடி.

சரக்குக்கும் கதவு சாத்தப்பட்டது. 1930 ஜூன் 17-ஆம் தேதி ஜனாதிபதி ஹெர்பர்ட் ஹூவர் ஸ்மூட்-ஹாலி சுங்கவரிச் சட்டத்தில் கையெழுத்திட்டார். வேண்டாம் என்று 1,028 பொருளாதார அறிஞர்கள் கையெழுத்திட்டு மனுக் கொடுத்திருந்தார்கள். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் அந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வந்தன. அந்தப் பெரிய பட்டியலில் கச்சா ரப்பருக்கு வரி இல்லை. ஏக்ரன் ஆலைகளுக்கு அது தேவைப்பட்டது. ஆக, ஜொகூர் ரப்பர் ஒரு சென்ட்கூட வரி கட்டாமல் அமெரிக்காவுக்குள் போனது. அப்படியும் அடி விழுந்தது. பதிலுக்குப் பல நாடுகள் அமெரிக்கச் சரக்குக்கு வரி போட்டன; 1932-இல் ஒட்டாவாவில் கூடிய பிரிட்டிஷ் பேரரசு நாடுகள் தங்களுக்குள் சலுகை வரி வைத்துக்கொண்டன. உலக வணிகத்தின் மாத மதிப்பு 1929 ஜனவரியில் ஏறத்தாழ 3 பில்லியன் தங்க டாலர். 1933 ஜனவரியில் 1 பில்லியனுக்குச் சற்றுக் குறைவு. மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. பருத்தியை விற்கமுடியாத அமெரிக்க விவசாயி கார் வாங்கமாட்டார். அவர் கார் வாங்காவிட்டால் லாபிஸில் செக்ரோல் சுருங்கும். நம் சரக்கின் மேல் வரி இல்லை என்பது நமக்குப் பாதுகாப்பு அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டியதில்லை.

அமெரிக்கா ரப்பரில் தனித்து நிற்க முனைந்த கதை இதற்கும் முந்தியது. அதற்குத் தூண்டுதல் லண்டன். 1922 நவம்பரில் பிரிட்டன் ஸ்டீவன்சன் திட்டத்தைக் கொண்டுவந்தது: மலாயாவும் இலங்கையும் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி விலையை உயர்த்துவது. உயர்ந்தது. 1925-இல் நியூயார்க்கில் ஒரு ராத்தல் 1 டாலர் 20 சென்ட்டைத் தாண்டியது. அப்போது வர்த்தக அமைச்சராக இருந்த ஹூவர் இதை அமெரிக்கருக்கு எதிரான ஏகபோகம் என்று கண்டித்து நாடெங்கும் இயக்கமே நடத்தினார். ஹார்வி ஃபயர்ஸ்டோன் 1926-இல் லைபீரியாவில் ஒரு மில்லியன் ஏக்கர் வரை, ஏக்கருக்கு ஆண்டுக்கு 6 சென்ட் வாடகையில், 99 வருடக் குத்தகைக்கு எடுத்தார். ஹென்றி ஃபோர்டு 1927-இல் பிரேசிலின் தபாஜோஸ் ஆற்றங்கரையில் இரண்டரை மில்லியன் ஏக்கர் சலுகை பெற்றார். டச்சு இந்தியத் தீவுகள் ஸ்டீவன்சன் திட்டத்தில் சேரவில்லை. அங்கே சிறு விவசாயிகள் கண்டபடி நட்டுக்கொண்டார்கள். 1928 நவம்பர் 1-ஆம் தேதி திட்டம் கைவிடப்பட்டது. உயர்ந்த விலையைப் பார்த்து 1925, 1926-இல் நட்ட மரங்கள் பால் தரும் வயதுக்கு வந்தது 1931, 1932 வாக்கில். சந்தை செத்துக் கிடந்த நேரத்தில் அந்தப் பால் முழுதும் சுரந்து வந்தது. 1930 மே மாதம் பிரிட்டிஷ், டச்சுத் தோட்டக்காரர்கள் சேர்ந்து பால் வெட்டை நிறுத்திப் பார்த்தார்கள். விலை நிமிரவில்லை.

இனி மீட்புத் திட்டங்கள். ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1933 மார்ச் 4-ஆம் தேதி பதவியேற்றார். இரண்டே நாளில் நாட்டின் எல்லா வங்கிகளுக்கும் விடுமுறை அறிவித்துக் கணக்கைச் சோதித்துத் திறக்கவைத்தார். விவசாய விலையை ஏற்ற, அரசு பணம் கொடுத்துச் சுமார் 10 மில்லியன் ஏக்கர் பருத்தியை உழுது அழிக்கவைத்தது. 6 மில்லியன் பன்றிக்குட்டிகளை வாங்கிக் கொல்லவைத்தது. அதே 1933 கோடையில் 66 நாடுகள் லண்டனில் கூடி நாணய மதிப்பை நிலைப்படுத்தப் பேசிக்கொண்டிருந்தபோது, ஜூலை 3-ஆம் தேதி ரூஸ்வெல்ட் அனுப்பிய செய்தி அந்த மாநாட்டையே கவிழ்த்தது. முதலில் என் வீடு, பிறகு உலகம் என்பதுதான் அதன் சாரம். ஹூவரின் சுங்கவரியைக் குறை சொல்கிறவர்கள் ரூஸ்வெல்ட்டின் அந்தச் செய்தியையும் அதே ஏட்டில் எழுதவேண்டும் என்பது என் கருத்து.

மலாயாவுக்கான மீட்புத் திட்டம் வாஷிங்டனில் எழுதப்படவில்லை. லண்டனிலும் ஹேக் நகரிலும் எழுதப்பட்டது. 1934 மே 7-ஆம் தேதி பிரிட்டன், நெதர்லாந்து, பிரான்ஸ், சயாம் ஆகியவை அனைத்துலக ரப்பர் ஒழுங்குமுறை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஜூன் 1 முதல் அமல். மலாயாவுக்கு 504,000 டன், டச்சுத் தீவுகளுக்கு 352,000 டன், இலங்கைக்கு 77,500 டன் என்று முதலாண்டு ஒதுக்கீடு. அந்த ஒதுக்கீட்டில் எத்தனை விழுக்காடு ஏற்றுமதி செய்யலாம் என்பதை ஒரு குழு அவ்வப்போது சொல்லும். தொடக்கத்தில் 100, 1934 கடைசியில் 70, 1935 கடைசியில் 60. புதிதாக நடக்கூடாது. அமெரிக்காவில் பருத்தியை உழுது அழித்தார்கள்; இங்கே பாலை மரத்திலேயே விட்டார்கள். வழி வேறு, எண்ணம் ஒன்று.

விலை ஏறியது. ஆனால் ஏற்றத்தின் பங்கு பிரிந்த விதம் ஒரே சீராக இல்லை. சிறு தோட்டக்காரர்களுக்குக் கூப்பன் கொடுத்தார்கள். அந்தக் கூப்பனில் உள்ள அளவுக்குமேல் அவர்கள் ரப்பரை விற்கமுடியாது. மூவாரிலும் பத்து பகாட்டிலும் நாலைந்து ஏக்கர் வைத்திருந்த மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லோருக்கும் இதே விதி. பொருளாதார அறிஞர் பி.டி. பௌர் 1948-இல் வெளியிட்ட ரப்பர்த் தொழில் பற்றிய நூலில், சிறு தோட்டங்களின் விளைச்சல் குறைத்து மதிப்பிடப்பட்டு, பெரிய தோட்டங்களுக்குச் சாதகமாகவே ஒதுக்கீடு அமைந்தது என்று எண்களோடு காட்டினார். வட்டிக்கு வாங்கி நட்டவர்களின் நிலங்கள் ஏற்கெனவே நகரத்தார் உள்ளிட்ட கடன் கொடுத்தவர்களின் கைக்குப் போயிருந்தன. அந்த நிலங்கள் திரும்பவில்லை.

கூலிப் பத்திக்குத் திரும்புவோம். 1932-இன் சராசரி விலை 7 காசு. 1936-இல் 27 காசு. ஏறக்குறைய நான்கு மடங்கு. ஆண் கூலி அடிமட்டத்தில் 28 காசு. 1936-இல் 40 காசு. ஒன்றரை மடங்குகூட இல்லை. 1936 கடைசியில் இந்திய அரசு அனுப்பி வி.எஸ். சீனிவாச சாஸ்திரி மலாயா வந்து தோட்டங்களைப் பார்த்தார். அவர் அறிக்கை 1937-இல் வெளியானது. பழைய 50 காசு, 40 காசு விகிதத்தைத் திரும்பக் கொடுக்கவேண்டும், கங்காணி முறையில் ஆள் சேர்ப்பதை நிறுத்தவேண்டும் என்று எழுதினார். அன்று மலாயா இந்தியர் மத்திய சங்கத்தில் இருந்த பலர் அவருடைய அறிக்கை மிதமாகப் போய்விட்டது என்று ஏமாற்றமடைந்தார்கள். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. ஆனாலும் கூலி 1937-இல் 50-க்கும் 40-க்கும் திரும்பியது. அடுத்த ஆண்டே அமெரிக்காவில் மறுபடி மந்தம். ரப்பர் 24 காசு. கூலியை மறுபடி குறைத்தார்கள். 1938 ஜூன் 15-ஆம் தேதி இந்திய அரசு, உதவிபெற்ற தொழிலாளர்கள் மலாயாவுக்குப் போவதைத் தடைசெய்தது. நூற்றாண்டுப் பழக்கம் அந்த ஒரு நாளில் முடிந்தது.

இரண்டு மீட்சிகளையும் ஓர் எண்ணால் ஒப்பிடலாம். ரூஸ்வெல்ட்டின் இளைஞர் வனப் படையில் வேலையற்ற இளைஞர்கள் மரம் நட்டார்கள், பாதை போட்டார்கள். அவர்களுக்கு உணவும் உடையும் போக மாதம் 30 டாலர். அதில் 25 டாலர் நேராக வீட்டுக்கு அனுப்பப்படும். மலாயா வெள்ளி அப்போது சுமார் 58 அமெரிக்க சென்ட். ஆக 30 டாலர் 50 வெள்ளிக்கு மேல். அதே காலத்தில் ஜொகூரில் பால் வெட்டியவர் 24 நாளைக்கு 40 காசு வீதம் வாங்கியது 9 வெள்ளி 60 காசு. அங்கே வேலை இல்லாதவருக்குக் கிடைத்த உதவி, இங்கே விடிகாலை நாலு மணிக்கு எழுந்து பெரட்டுக்கு நின்றவரின் கூலியைப் போல் ஐந்து மடங்கு. விலைவாசி வேறு, நாடு வேறு என்று எவ்வளவு கழித்தாலும் இந்த வித்தியாசம் மறையாது.

அமெரிக்க ஏட்டிலும் எல்லாப் பெயரும் இல்லை. 1935 ஆகஸ்ட் 14-ஆம் தேதி கையெழுத்தான சமூகப் பாதுகாப்புச் சட்டம் முதியோர் ஓய்வூதியத்தையும் வேலையிழப்புக் காப்பீட்டையும் கொண்டுவந்தது. விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலைக்காரர்களையும் அது சேர்க்கவில்லை. தென் மாநிலங்களின் கறுப்பினத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் அந்த இரண்டு வேலையில்தான் இருந்தார்கள். மந்தத்தின் சுமையை அதிகம் தூக்கியவர்கள், மீட்புச் சட்டத்தில் இடம்பெறாமல் போனார்கள். மலாயாவின் திருப்பி அனுப்புதலும் அதே வகைதான்: வேலையிழந்தவருக்கு உதவி தருவதைவிட, அவரைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவது மலிவாக இருந்தது.

தனித்திருக்கும் கொள்கைக்கு இன்னொரு வரவு-செலவு உண்டு. 1934-ஆம் ஆண்டின் ஜான்சன் சட்டப்படி, முதல் உலகப்போர்க் கடனைக் கட்டாத நாடுகளுக்கு அமெரிக்காவில் கடன் கிடையாது. 1935 தொடங்கி நடுநிலைச் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. போர் நெருங்கியதும் அமெரிக்காவுக்கு ரப்பர் கையிருப்பு தேவைப்பட்டது. விற்காத பருத்தி கிடங்கில் குவிந்திருந்தது. 1939 ஜூனில் பிரிட்டனோடு பண்டமாற்று ஒப்பந்தம் செய்தார்கள்: 600,000 மூட்டைப் பருத்தி கொடுத்து சுமார் 85,000 டன் ரப்பர். பத்து வருடங்களாக வரி, ஒதுக்கீடு, நாணயம் என்று சுவர்களை எழுப்பிக்கொண்ட இரண்டு பெரிய நாடுகள் கடைசியில் பொருளுக்குப் பொருள் மாற்றிக்கொண்டன. 1942 ஜனவரி 31-ஆம் தேதி, ஜப்பானியப் படையெடுப்பில் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை ஜொகூர்ப் பாலத்தை உடைத்தது. அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரில் ஏறக்குறைய 90 விழுக்காடு நின்றது. 1941-இல் 8,000 டன் அளவில் இருந்த அமெரிக்கச் செயற்கை ரப்பர் உற்பத்தி 1944-இல் 700,000 டன்னைத் தாண்டியது. போருக்குப் பின் மலாயா ரப்பர் சந்தையில் போட்டியிட்டது அந்தச் செயற்கை ரப்பரோடுதான்.

இப்போது ஜொகூரில் ரப்பர் குறைந்துவிட்டது. ஆனால் பால் வற்றிய ரப்பர் மரத்தை அறுத்து மேசை, நாற்காலி, கட்டில் செய்யும் தொழில் மூவாரில் செழித்திருக்கிறது. மலேசியத் தளவாடப் பொருள்களை அதிகம் வாங்கும் நாடு அமெரிக்கா. 2025 ஏப்ரல் 2-ஆம் தேதி அமெரிக்கா மலேசியச் சரக்குக்கு 24 விழுக்காடு வரி அறிவித்தது. ஆகஸ்ட்டில் அது 19 விழுக்காடாக நடைமுறைக்கு வந்தது. மரம் ஒன்று, வாங்குகிற நாடும் ஒன்று. ஆணை குறைந்தால் முதலில் வேலை இழப்பவர் மட்டும் மாறியிருக்கிறார்: வங்காளதேசத்துக்காரர், நேப்பாளி, மியன்மார்க்காரர்.

மலேசியாவில் 2018 ஜனவரி 1 முதல் வேலைவாய்ப்புக் காப்புறுதித் திட்டம் நடைமுறையில் உள்ளது. முதலாளி சம்பளத்தில் 0.2 விழுக்காடு, தொழிலாளி 0.2 விழுக்காடு செலுத்தவேண்டும். வேலை போனால் முதல் மாதம் 80 விழுக்காடு, அடுத்து 50, 40, 40, 30, 30 என்று ஆறு மாதம்வரை பணம் கிடைக்கும். நல்ல திட்டம், 1930-இல் இப்படி ஒன்று இருந்திருந்தால் 38 கப்பல் நிரம்பியிருக்காது. ஆனால் இது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது. வெளிநாட்டுத் தொழிலாளர்கள் சேர்க்கப்படவில்லை. வேலையிட விபத்துக்கு அவர்களுக்கு சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் காப்பு உண்டு. வேலை போனால் விமானச்சீட்டுதான்.

குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அதில் இரு தரப்பும் சேர்ந்து கட்டும் 0.4 விழுக்காடு 6 ரிங்கிட் 80 சென். ஒரு வெளிநாட்டுத் தொழிலாளிக்கு மாதம் 6 ரிங்கிட் 80 சென் சேர்த்தால் அவர் பெயரும் அந்த ஏட்டில் ஏறும். நம் தாத்தா பாட்டிகளை நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றிய கணக்கு நமக்குத் தெரியும். ஆகவே இந்தக் கோரிக்கையை முதலில் எழுப்பவேண்டியவர்கள் ஜொகூர்த் தமிழர்களே. தொழிற்சங்கங்களும் நம் மக்கள் பிரதிநிதிகளும் இதை மக்களவையில் கேட்கட்டும்.